நாலுக்குப் பக்கத்தில் ஒரு சைபர்

சங்கரன்கோவிலில் எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். நான் செய்த கேட் ஒன்றாவது உங்களை வழிமறிக்கும். மனைவி காய்கறி வாங்கக் கூப்பிட்டால்கூட, என் கேட்டுகள் அதிகம் இருக்கிற தெரு வழியாகத்தான் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவேன். (அவளுக்கு மூட்டுவலி. அது வேறு விஷயம்.) ஆனால் கடையநல்லூரில் ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் தெரிந்தவர் யாராவது இறந்துபோனால்கூட, பஸ் ஸ்டாண்டிலேயே நின்று துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். காரணத்தை நான் வெளியே சொன்னதில்லை. என் வீட்டார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லும்போது சில இடங்களில் கூட்டிச் சொல்கிறார்கள். ஆகவே நானே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் என்னைப் பற்றி. (எந்தக் கதையையும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன்.) நான் ஐந்தாம் வகுப்பு. அதாவது ஐந்தாம் வகுப்புக்குள் போனேன். அது முடிவதற்குள் வெளியே வந்துவிட்டேன். யாரோ ஒருவருடைய பட்டறையில் இரும்புத்தூள் கூட்டித் தொடங்கியவன், இன்றைக்குச் சொந்தப் பட்டறையில் பதினான்கு பேருக்கு வேலை கொடுக்கிறேன். அதில் இரண்டு பேர் டிப்ளமா. டிப்ளமாக்காரனைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், அது படித்த முதலாளிகளுக்குக் கிடைக்காது.

கிரில் வேலையில் உயிர் இருப்பது மூலையில். இரண்டு குழாய் சந்திக்கிற இடத்தில் இரண்டையும் நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வெட்டி, முகத்தோடு முகம் வைத்து, வெல்டிங் வைத்துத் தேய்த்துவிட்டால், சேர்ந்த இடம் நகத்துக்குக்கூடத் தட்டுப்படக் கூடாது. என் மூலை அப்படி. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்து ஜன்னல் மூலையைப் பார்ப்பேன். மாப்பிள்ளை கோணலாக இருந்தால் அது பெண் வீட்டார் பாடு.

என் ஒரே மகன் செல்வம் பட்டறையில் எனக்கு வலதுகை. அவன் மனைவி கோமதி, குருவிகுளம் பக்கத்துப் பெண். அப்பா மானாவாரியில் உளுந்து போடுகிறவர். மகளைக் கம்ப்யூட்டர் படிக்கவைத்தார். அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு எங்கள் வீட்டு மாடியில் இருந்தபடியே புரோகிராம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது கம்பெனி ஒரு மெயில் அனுப்பியது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சென்னை ஆபீசில் வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. கோமதி போனால் செல்வமும் போவான். செல்வம் போனால் பேத்தி போவாள். அப்புறம் பட்டறையில் நானும் அந்த இரண்டு டிப்ளமாவும்தான். இதை நினைத்து எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. (இரண்டாவது தடவை போட்டுக்கொள்கிற சோற்றைச் சொல்கிறேன்.)

கோமதி ஒரு வழி சொன்னாள். பட்டறைக்காரர்களுக்கு என்று அவளே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். வாடிக்கையாளர் கேட்கிற கேட்டை டிவியில் வரைந்து காட்டலாம். பிடித்துவிட்டால் ஒரு பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும்; படம் நேராக லேசர் கட்டிங் கடைக்குப் போய்விடும். அவர்கள் இரும்புத் தகட்டில் அப்படியே வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். நாம் சட்டத்தில் வைத்து வெல்டிங் அடித்து மாட்டவேண்டியதுதான். புளியங்குடி, சிவகிரி, எங்கள் ஊர் என்று சுற்றுவட்டாரப் பட்டறைகள் வாங்கிக்கொண்டால் அவள் சென்னைக்குப் போக வேண்டாம். ஆனால் பட்டறைக்காரன் வாய்ப்பேச்சை நம்பமாட்டான். இரும்பைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவான். அதனால் முதல் கேட்டை நாங்கள் செய்து மாட்டிக் காட்டவேண்டும்.

அவள் எனக்கு அதைப் போட்டுக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. டிவியில் ஒரு சட்டம் தெரிந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக மூலைக்குப் போனேன். மூலையில் கடித்த முறுக்கு மாதிரி ஒரு பள்ளம்.

கோமதி விளக்கினாள். கம்ப்யூட்டருக்குக் கோடு என்றால் மயிரிழை. அதற்கு இத்தனை மில்லி அகலம் என்று சொன்னால், கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று பிரித்து ஒரு பட்டையாக வரையும். இரண்டு பட்டை ஒரு முனையில் சந்தித்தால் உள்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வெளிப்பக்கம் வாய் பிளந்து நிற்கும். அந்த வாயை அடைக்க மூன்று வழி உண்டு. இரண்டு பட்டையின் வெளி ஓரத்தையும் அவை முட்டிக்கொள்கிற வரைக்கும் நீட்டலாம். உருட்டலாம். இல்லை, நேராக ஒரு வெட்டு வெட்டி மூடலாம். எதை வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு. நீட்டு, முட்ட விடு. நாப்பது வருசமா நான் அதத்தானே செய்யுதேன்."

"அதுக்குக் கம்ப்யூட்டர்லயே தனிப் பேரு இருக்கு மாமா."

"இருக்கும். என் பட்டறைப் பக்கம் எவனாவது வந்து பாத்துட்டுப் போயிருப்பான்."

அவள் சிரித்துக்கொண்டே நீட்டி முட்டவிட்டாள். பள்ளம் மறைந்து மூலை என் மூலை மாதிரியே ஆகிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்கள் ஒன்பது பேருக்கும் போன் போட்டுவிட்டேன். மருமகள் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாள், அதில் மூலை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தது என்றேன். மூன்றாவது போனில் 'மூலை மட்டும்' என்பது 'முக்கியமான இடமெல்லாம்' என்று ஆகியிருந்தது. ஒன்பதாவது போன் புளியங்குடி வேலுச்சாமிக்கு. அவரும் நானும் முப்பது வருஷப் போட்டிக்காரர்கள். அவரிடம் பேசும்போது, கோமதி தட்டச்சு மட்டும்தான் செய்தாள் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

முதல் கேட் கடையநல்லூர் மைதீன் பாய்க்கு. பாய் பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து வீடு கட்டியிருந்தார். அங்கே எங்கேயோ பார்த்த ஒரு கேட்டை போனில் போட்டோ பிடித்து வைத்திருந்தார். இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவிலும் தூணோரம் தொடங்கி, நடுவை நோக்கி விசிறி மாதிரி ஐந்து கதிர்கள் விரியும். ஒவ்வொரு கதிரும் நீளமாக, ஒடுக்கமாக, ஈட்டி போலக் கூராக முடியும். கதவு இரண்டையும் மூடினால் இந்தப் பக்கத்து ஐந்து முனையும் அந்தப் பக்கத்து ஐந்து முனையும் நடுவில் லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். பாய் அதைச் சொல்லும்போது தன் இரண்டு ஆள்காட்டி விரல் நுனியையும் ஒட்டிக் காட்டினார்.

கோமதி ஒவ்வொரு கதிரையும் நுனியில் சந்திக்கிற இரண்டு கோடாக வரைந்தாள். பார்த்தால், ஐந்து கதிரின் நுனியும் மழுங்கிக் கிடந்தது. யாரோ நகவெட்டியால் வெட்டிவிட்ட மாதிரி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் பொறுமையாகச் சொன்னாள். சதுர மூலையில் ஓரங்களை நீட்டினால் கொஞ்ச தூரத்திலேயே முட்டிக்கொள்ளும். மூலை கூராக ஆக ஆக அவை முட்டிக்கொள்கிற இடம் தள்ளித் தள்ளிப் போகும். ரொம்பக் கூர் என்றால் ஊசி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு எல்லை வைத்திருக்கிறாள்: நாலு. முனை நீளம் பட்டை அகலத்தில் நாலு மடங்கைத் தாண்டினால், நீட்டுவதை விட்டுவிட்டு நேராக வெட்டி மூடிவிடும்.

"அந்த எல்லைய எடுத்துரு. என் பட்டறையில இருந்து மொட்ட மூலை வெளிய போனதா சரித்திரம் இல்ல."

"எடுக்கக் கூடாது மாமா. பாய் கேட்ட கூர நான் வேற வழியில கொண்டுவாரேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

மறுநாள் காலையில் பிள்ளைக்குத் தடுப்பூசி. கோமதியும் என் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செல்வம் சிவகிரியில் ஒரு ஷெட் வேலையில் இருந்தான். லேப்டாப் பட்டறை மேஜையில் திறந்தபடி இருந்தது. (திறந்துதான் இருந்தது. மனைவி சொல்கிற மாதிரி நான் திறக்கவில்லை. மூடியிருந்தாலும் திறந்திருப்பேன் என்பது வேறு.)

எல்லை என்று எழுதி ஒரு கட்டம், அதற்குள் 4. நான் யோசித்தேன். இந்தப் பெண்ணுக்கு எதிலும் பயம். வெல்டிங்கில் நாலு பொட்டு வைக்கச் சொன்னால் நாலு வைத்துவிட்டு நிற்கிற ஜாதி. தாராளமாக இருக்கட்டும் என்று நாலுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டேன். நாற்பது. உடனே ஐந்து முனையும் சீறிக்கொண்டு கிளம்பியது. அடேயப்பா, அதைப் பார்க்கிறபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் கதிர்கள் மெலிதாக இருக்கிற மாதிரி பட்டது. பட்டை அகலம் இருபது மில்லி என்று இருந்தது. இரும்பென்றால் இரும்பு மாதிரி தெரிய வேண்டாமா? அதையும் நாற்பது ஆக்கினேன்.

இந்த இடத்தில்தான் நாற்பது வருஷ அனுபவம் என்னைக் கவிழ்த்தது. எங்கள் தொழிலில் பட்டையை அகலமாகப் போட்டால் கேட் நீளாது. அகலம் வேறு, நீளம் வேறு. மூன்றடி என்று வெட்டினால் அது ஒரு இஞ்சுப் பட்டையாக இருந்தாலும் இரண்டு இஞ்சுப் பட்டையாக இருந்தாலும் மூன்றடிதான். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. பட்டையைக் கொழுக்கவைத்தால் மூலை அதைத் தின்று முனையை நீட்டுகிறது. அகலத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் முனையும் இரண்டு மடங்கு. இது எனக்கு இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைப் பொத்தான்தான்.

திரையில் ஒரு கதவுதான் தெரியும். மற்றக் கதவைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அதுவே திருப்பிப் போட்டுக்கொள்ளும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அமுக்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கோமதி வந்ததும், படத்தைக் கடைக்கு அனுப்பிவிட்டேன், பாய் அவசரப்பட்டார் என்று சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எல்லையில் கை வைத்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். என் பேச்சை நம்பி அவள் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை.

தகடுகள் லாரியில் நேராகக் கடையநல்லூருக்கே வந்து இறங்கின. நானும் இரண்டு வெல்டர்களும் போனோம். சட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கதிரும் சட்டத்தைத் தாண்டி ஏறக்குறைய ஒரு அடிக்கு நீட்டிக்கொண்டு நின்றது. வெல்டர் ஒருவன், இது என்ன அண்ணாச்சி இப்படி நீட்டிக்கிட்டிருக்கு என்று கேட்டான். கேட்டவன் டிப்ளமா. அவன் கேட்ட பிறகு நான் எப்படி எனக்குத் தெரியவில்லை என்று சொல்லமுடியும்? துபாய் டிசைன், வாயை மூடிக்கொண்டு பற்றவை என்றேன்.

அப்போது பாய் வந்தார். நீட்டிக்கொண்டிருந்த முனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் ஏதாவது சொன்னால் ஒத்துக்கொண்டு கழற்றிவிடலாம் என்றுதான் காத்திருந்தேன். அவரோ, இத்தனை பெரிய மேஸ்திரி செய்தது, காரணம் இல்லாமல் இருக்காது என்று நினைத்திருக்கிறார். "மாஷா அல்லாஹ், போட்டோவுல இருந்தத விட நல்லா எடுப்பா வந்திருக்கு அண்ணாச்சி" என்றார். போதாதா? அதன்பிறகு அரைமணி நேரம் அவரை நிற்கவைத்து, இந்த மூலை என் மூலை, மருமகள் வேண்டாம் என்று தடுத்தாள், நான்தான் துணிந்து போட்டேன் என்று கதை சொன்னேன். அவர் மரியாதைக்காகத் தலையாட்டினார். நான் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டேன்.

கதவுகளை மாட்டி, உள்பக்கம் திறந்து மதிலோடு கட்டிவைத்தோம். வாசலில் அன்றுதான் கான்கிரீட் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் கதவை அசைக்கக் கூடாது என்றார் கொத்தனார். எனக்கும் அது வசதியாக இருந்தது. மாட்டிய கேட்டை ஒரு தடவை மூடிப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனது என் தொழிலில் அந்த ஒரு நாள்தான்.

வெள்ளிக்கிழமை பாய் வீட்டுக் குடிபுகுதல். ஜும்மா தொழுகை முடிந்து பாத்திஹா ஓதி, பிறகு சாப்பாடு. நான் பட்டுச் சட்டையும் எட்டு முழ வேட்டியுமாகக் காலையிலேயே போய்விட்டேன். கோமதி கைப்பிள்ளையோடு பட்டறைக்காரர்களை ஒரு வேனில் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்கு வந்து கேட்டைக் காட்டுவதாக ஏற்பாடு. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. அன்றைக்கு ஒன்பது பேரும் சரி என்று சொல்லிவிட்டால் அவள் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிவிடுவாள். இல்லையென்றால் பெட்டி கட்டவேண்டியதுதான்.

ஓதி முடித்ததும் பாய்க்கு ஒரு ஆசை. விருந்தாளிகள் எல்லோரும் உள்ளே இருக்கும்போதே கேட்டை ஒரு தடவை மூடி, இரண்டு பக்கத்து விசிறியும் சேர்வதைப் போட்டோ எடுத்து சவூதியில் இருக்கிற தம்பிக்கு அனுப்ப வேண்டுமாம். நான்தான் முன்னால் போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

கதவுகள் நெருங்கி வந்தன. ஏறக்குறைய இரண்டடி இடைவெளி இருக்கும்போதே முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. புதுக் கீல், இறுக்கமாக இருக்கும், தள்ளுங்கள் என்றேன். பாயின் சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்து தோள் கொடுத்தார்கள். மூன்று மில்லித் தகடு, ஒரு அடி நீளம்; வளையும். வளைந்தது. ஒன்று மற்றதற்கு முன்னால் போயிற்று, அடுத்தது பின்னால் போயிற்று, மூன்றாவது மறுபடி முன்னால். டங்கென்று ஒரு சத்தத்தோடு கேட் மூடிக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

பிறகு திறக்கப் போனோம்.

தென்னை ஓலையில் கிடுகு முடைந்து பார்த்திருக்கிறீர்களா? அப்படிப் பின்னிக்கொண்டு நின்றது. இழுத்தால் இந்த மூன்றும் இறுகும்; தள்ளினால் அந்த இரண்டும் இறுகும். பாய் திருடனுக்குப் பயந்து மதிலை ஏழடிக்கு எழுப்பி மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார். வேறு வாசல் கிடையாது. உள்ளே பாத்திஹா ஓதிய ஹஜ்ரத் முதல் எண்பது பேர். பிரியாணி தேக்சா லோடு ஆட்டோவில் வெளியே வந்து நின்றது. வாசனை மட்டும் தாராளமாக உள்ளே வந்தது.

கதிருக்குக் கதிர் இருக்கிற சந்தில் தட்டுத் தட்டாக வாங்கிக்கொள்ளலாமே என்று நான் யோசனை சொன்னேன். ஒருவர் கையை விட்டார், சட்டைக்கை முழங்கை வரை கிழிந்தது. அதற்குமேல் என் யோசனையை யாரும் கேட்கவில்லை. நானே சரிசெய்கிறேன் என்று முன்னால் போய் இரண்டு முனைகளுக்கு நடுவில் குனிந்து நெம்பினேன். அடியிலிருந்த முனை ஒன்று விடுபட்டு, துள்ளி, என் வேட்டியின் மடிப்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்து மாட்டிக்கொண்டது. முன்னால் போனால் வேட்டி அவிழும். பின்னால் வந்தால் கிழியும். வேலியில் கழுத்தை விட்ட ஆடு மாதிரி நான் கேட்டோடு ஒட்டி நின்றேன். அந்த நேரத்தில்தான் வேன் வந்தது.

ஒன்பது பேரும் இறங்கினார்கள். எல்லோரும் இரும்பிலேயே பிறந்தவர்கள். ஒரு பார்வையில் விஷயம் தெரிந்துவிட்டது. கோமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியாக இறங்கி, கேட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வேலுச்சாமி பக்கத்தில் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, எங்கள சாப்பிட வரச் சொல்லீட்டு கதவ முடைஞ்சு வச்சிருக்கிய?"

அப்போது நான் சொன்னதைத்தான் என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னேன்: "அது கம்ப்யூட்டர் பண்ணுன கோளாறு வேலுச்சாமி. மருமக புதுசா எழுதுனதுல்லா. அங்கங்க தப்பு இருக்கத்தான் செய்யும்."

கோமதி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிவகிரிக்காரர், அப்ப இன்னொரு நாள் பார்ப்போமே என்று மெதுவாக வேன் பக்கம் திரும்பினார். டிரைவர் கதவைத் திறந்தான். அந்தக் கதவு எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது என்று அந்த நேரத்திலும் கவனித்தேன்.

எனக்குப் பின்னாலிருந்து மைதீன் பாய் உதவிக்கு வந்தார். மனுஷன் கள்ளம் தெரியாதவர்; என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்.

"கம்ப்யூட்டரையா குறை சொல்லுதீங்க அண்ணாச்சி? இந்த மூலை என் மூலை, மருமக வேண்டாம்னு தடுத்தா, நான்தான் துணிஞ்சு போட்டேன்னு என்கிட்ட அரைமணி நேரம் சொன்னீங்களே. உங்க பேர எதுக்கு விட்டுக் குடுக்கணும்?"

"எனக்கும் போன்ல அதத்தானே சொன்னிய" என்றார் வேலுச்சாமி. எனக்கும், எனக்கும் என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் போட்ட ஒன்பது போனும் ஒன்பது சாட்சியாக என் எதிரே நின்றன.

கேட்டுக்கு அந்தப் பக்கம் என் பேத்தி, விஷயம் புரியாமல் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஐந்து நாளில் சென்னைக்குப் போகப்போகிற பிள்ளை. வேட்டியை விட்டுவிட்டேன். அது முனையில் தொங்கியது. எண்பது பேர் பின்னால், ஒன்பது பேர் முன்னால், நடுவில் நான் பட்டுச் சட்டையும் கோடுபோட்ட டவுசருமாக.

"நான்தான் போட்டேன். எல்லைன்னு நாலு வச்சிருந்தா. அவ இல்லாத நேரம் பாத்து நாப்பது ஆக்கினேன். கேட்டதுக்கு இல்லன்னு பொய்யும் சொன்னேன். அவமேல தப்பில்ல."

கோமதி கேட்டின் பக்கத்தில் வந்து குனிந்து, ஒரு முனையைத் தடவிப் பார்த்தாள்.

"நாப்பது போட்டாலும் இவ்வளவு நீளாதே மாமா. பட்டை எத்தன மில்லி?"

"நாப்பது."

"அதையுமா?"

அந்த 'அதையுமா'வில் இருந்ததை எழுத எனக்குப் படிப்புப் போதாது. அவள் பிள்ளையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, போனில் ஏதோ தட்டினாள். "அப்பம் சட்டத்துக்கு வெளிய பதினொன்னேகால் இஞ்சு நிக்கணும்" என்றாள். பட்டறைக்காரன் இடுப்பில் வேட்டி இல்லாமல் இருந்தாலும் இருப்பானே தவிர டேப் இல்லாமல் இருக்கமாட்டான். வேலுச்சாமி டேப்பை உருவி ஒரு முனையை அளந்தார். அடுத்ததை அளந்தார். பத்தையும் அளந்துவிட்டு, மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பதினொன்னேகால். ஒரு நூலு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

வேனில் கால் வைத்திருந்த சிவகிரிக்காரர் இறங்கி வந்தார். பிறகு அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். கோமதி லேப்டாப்பைத் திறந்து, லோடு ஆட்டோவின் பின்பலகையில், பிரியாணி தேக்சா பக்கத்தில் வைத்தாள். சைபரை எடுத்தாள், முனைகள் சுருங்கிப் போயின. போட்டாள், சீறின. ஒன்பது பேரும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். தப்பான எண்ணைக் கொடுத்தாலும் நூல் பிசகாமல் தப்பைச் செய்கிற புரோகிராம், சரியான எண்ணைக் கொடுத்தால் என்ன செய்யும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வருஷமாக நான் பேசிப் பேசி விற்றதை எல்லாம் சேர்த்தாலும் அந்தப் பத்து முனை விற்ற மாதிரி விற்றிருக்காது.

கேட்டை அறுத்துத் திறந்தது வேலுச்சாமி. அவர் வேனில் கிரைண்டர் வைத்திருந்தார். நான் உள்ளே இருந்து வீட்டுக் கரண்ட்டை வயர் போட்டு இழுத்துக் கொடுத்தேன். (இதற்குமேல் என்ன இருக்கிறது? என் கேட்டை, புளியங்குடிக்காரன் அறுக்க, அதற்கு நான் கரண்ட் கொடுத்தேன்.) கோமதி ஒவ்வொரு முனையிலும் சாக்பீஸால் குறி வைத்தாள், அவர் குறியில் வெட்டினார். பத்தாவது விழுந்ததும் கேட் சத்தமில்லாமல் திறந்தது. முதலில் தேக்சா உள்ளே வந்தது. ஹஜ்ரத் என் வேட்டியை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். கிழிசல் வெளியே தெரியாதபடி மடித்திருந்தார்.

சாப்பிடும்போது சிவகிரிக்காரர் கோமதியிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அந்த எல்லைக் கட்டத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாமா? மாற்றலாம் என்றாள் அவள்.

"அது மட்டும் வேண்டாம்மா. எங்க பட்டறையிலயும் அப்பா இருக்காரு."

மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு அப்பா இருந்தார்கள். இரண்டு பேர் தாங்களே அப்பாக்கள். அவர்களுடைய மகன்கள் பிறகு போனில் கேட்டுக்கொண்டார்கள்.

கோமதி சென்னைக்குப் போகவில்லை. இன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் பல பட்டறைகளில் அவளுடைய புரோகிராம் ஓடுகிறது. எல்லையை யாராவது மாற்றப்போனால் ஒரு வரி வந்து நிற்கும். என்ன வரி வைக்கலாம் என்று அவள் அன்று பந்தியிலேயே கேட்டாள். ஒன்பது பேரும் யோசிக்காமல் ஒன்றையே சொன்னார்கள். ஆகவே புளியங்குடியிலும் சிவகிரியிலும் எவனாவது முனையை ரொம்ப நீட்டினால் திரையில் சிவப்பு எழுத்தில் வருகிறது: 'போதும் அண்ணாச்சி.' காரணத்தைக் கோமதியிடம் போனில் சொன்னால் திறந்துவிடுவாள். எங்கள் பட்டறையில் உள்ளதில் மட்டும் அந்தக் கட்டமே கிடையாது. ஏன் இல்லை என்று நான் கேட்கவும் இல்லை.

பேத்திக்கு இப்போது நாலு வயது. பட்டறை மேஜையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். சாதாரணமாக என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் ஐந்தாம் வகுப்பில் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகிவிட்டால் மட்டும் அண்ணாச்சி.